ஆக்லாந்து துறைமுகத்தின் நடுவில் பந்தயப் படகுத் தளம்: பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வைட்டெமாட்டாவாசி:

அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் படகுப் பந்தயம் 2024இல் பார்சிலோனாவில் நடந்தது, 2027இல் நேபிள்ஸ் போகிறது. நம் ஊருக்கு இப்போதைக்குத் திரும்பி வராது. ஆனால் நம் டீம் நியூசிலாந்து அணியின் தளம் மட்டும் ஹால்சி வார்ஃபில் (படகுத்துறையில்), நகர மையத்தின் வயடக்ட் படகுத்துறை வாசலிலேயே இருக்கிறது. அந்தக் கட்டடம் 2011இல் நிகழ்ச்சி அரங்கமாகத் திறந்தது என்பது புதிதாக வந்தவர்கள் பலருக்குத் தெரியாது. கண்காட்சி, விருந்து, மாநாடு என்று யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வந்த இடம். 2017இல் பெர்முடாவில் டீம் நியூசிலாந்து 7-1 என்று ஜெயித்துக் கோப்பையை இங்கே கொண்டுவந்ததும், அடுத்த வருடமே அது அணியின் பட்டறையாகிவிட்டது.

அணியின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஜெயித்தபோது நானும்தான் கத்தினேன். என் கேள்வி இடத்தைப் பற்றி. ஃபெரி, மீன்பிடிப் படகு, சுற்றுலாப் படகு, சொந்தப் படகு எல்லாம் நெருக்கியடித்துப் போகிற வாயில் அது. ஊர் ஜனங்கள் தண்ணீரைப் பார்க்க வருகிற இடமும் அதுதான். அங்கே ஒரு பந்தய அணிக்கு வேலியும் கேட்டும் போட்டு இடம் கொடுப்பது எவ்வளவு காலத்துக்குச் சரி? அந்தப் பக்கம் வசிக்கிறவர்கள், வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

கார்பன்கை:

நான் படகு கட்டும் பட்டறையில் கார்பன் இழை வேலை பார்ப்பவன். இந்த அணியில் இல்லை. ஆனால் இந்த நகரத்தில் எங்கள் தொழில் இந்த அளவுக்கு வளர்ந்ததற்கு இந்தக் கோப்பை பெரிய காரணம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

தளத்தை வேறெங்காவது தூக்கிப் போகலாம் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் காலையில் போய் அந்தப் படகு இறங்குவதைப் பார்க்க வேண்டும். இந்தக் கோப்பையில் ஓடும் ஏசி75 வகைப் படகு 75 அடி, ஆறு டன்னுக்கு மேல், பாய்மரம் 26 மீட்டருக்கும் அதிகம். மெரினாவில் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற படகு இல்லை. ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் கிரேனில் தூக்கி இறக்க வேண்டும், மாலையில் திரும்பத் தூக்கி உள்ளே கொண்டுபோக வேண்டும். இரண்டு பக்கமும் நண்டுக் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கும் ஃபாயில் என்கிற இறக்கைகளின் கைகள் சுவரில் உரசினால் முடிந்தது கதை. கிரேன் தூக்கும்போது நாலு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காற்று ஒரு கணம் வேகம் பிடித்தாலும் நிறுத்திக் காத்திருப்பார்கள். அலை அடங்கிய தண்ணீர், ஆழம், பெரிய கிரேன் நிற்கும் உறுதியான தரை, பத்து நிமிடத்தில் திறந்த கடல், இத்தனையும் சேர்ந்து கிடைக்கிற இடம் நகரத்துக்கு வெளியே எங்கே இருக்கிறது? இருந்தால் காட்டுங்கள், நானே ஆதரிக்கிறேன்.

ஃபெரிப்பயணி:

டெவன்போர்ட்டிலிருந்து தினமும் ஃபெரியில் வேலைக்குப் போகிறேன். கார்பன்கை சொல்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் நாங்களும் இருக்கிறோம் ஐயா.

இந்த நாட்டுக் கடல் விதிப்படி கரையிலிருந்தோ வார்ஃபிலிருந்தோ 200 மீட்டருக்குள், இன்னொரு படகிலிருந்து 50 மீட்டருக்குள் 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டக்கூடாது. சொந்தமாக ஒரு சின்னப் படகு வைத்திருப்பவனுக்கும் இது தெரியும். பந்தயப் படகு அந்த வாயிலில் மெதுவாகத்தான் போகும், இழுத்துக்கொண்டுதான் போவார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியே வந்து ஃபாயிலில் எழும்பியதும் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேலும் போகிற வண்டி அது. அதோடு கூடவே ஓடும் துரத்தல் படகுகள், பயிற்சியாளர் படகு, அதைப் பார்க்க வரும் கூட்டம். பந்தய நாட்களுக்காவது ஒழுங்குபடுத்த ஆள் போடுவார்கள், முன்கூட்டியே அறிவிப்பு வரும். பயிற்சி நாட்களில் அது இல்லை. ஹவுராக்கி வளைகுடா அத்தனை பெரிசாகக் கிடக்கும்போது, வட கரைக்கும் நகரத்துக்கும் நடுவே ஓடையாகக் குறுகுகிற இடத்தில் ஏன் வேகம் பார்க்க வேண்டும்? அங்கே சரக்குக் கப்பல் திரும்புகிறது, கடற்படைத் தளம் இருக்கிறது, ஃபெரிகள் குறுக்கும் நெடுக்கும் போகின்றன.

2021 ஜனவரியில் இங்கே நடந்த பந்தயத்தில் அமெரிக்கன் மேஜிக் அணியின் படகு கவிழ்ந்தது நினைவிருக்கும். காற்றில் எழும்பி அப்படியே பக்கவாட்டில் விழுந்து, அடியில் ஓட்டை விழுந்து, மற்ற அணிகள் எல்லாம் வந்து பம்பு போட்டு மிதக்கவைத்து இரவில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அது வெளியே, காலியான பந்தயப் பாதையில் நடந்தது. அதே மாதிரி ஒன்று ஃபெரிப் பாதையில் நடந்தால்? இதுவரை நடக்கவில்லை என்பது பதில் ஆகாது.

ஜெலிக்கோத்தெரு:

நான் மீன் சந்தைப் பக்கம் வேலை செய்கிறேன், யாழ்ப்பாணத்தில் கடற்கரை ஊரில் வளர்ந்தவன். இந்த விஷயம் கதைக்கும்போது மீன்பிடிப் படகுகளை ஒருத்தரும் நினைப்பதில்லை. படங்களில் வடிவாக இருக்கும் என்று பின்னணியில் ஒரு படகு வேணும், அவ்வளவுதான்.

ஹால்சி வார்ஃபின் மேற்குப் பக்கத்தில்தான் மீன்பிடிப் படகுகள் கட்டுவது. 2018இல் தளங்கள் கட்டத் தொடங்கும்போது மீன்பிடிப் படகுகளுக்கும் தீவுகளுக்குப் போகும் கார் ஃபெரிக்கும் வேறு இடம் பார்க்க வேண்டி வந்தது. இடம் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மீன் இறக்குகிற வேலை இடம் கிடைத்தால் மட்டும் நடக்காது. லாரி பின்பக்கமாக வந்து திரும்ப வேணும், ஐஸ் கிடைக்க வேணும், எரிபொருள் வேணும், விடியப்புறம் மூன்று மணிக்குச் சத்தம் போட்டாலும் ஒருத்தரும் முறைப்பாடு கொடுக்காத இடமாக இருக்க வேணும். இப்ப சுத்திவர அடுக்குமாடி வீடு. அங்கே குடிவந்தவர்களுக்கு ஐஸ் கொட்டுகிற சத்தமும் மீன் மணமும் பிடிக்காது. பந்தயப் படகு பிடிக்கும். நாங்கள் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று நகர்வது இப்படித்தான்.

வயடக்ட் முழுக்க முன்பு மீன்பிடித் துறைதான். 2000ஆம் ஆண்டுக் கோப்பைக்காகத்தான் அதை மாற்றினார்கள். அப்போதும் இது ஊருக்கு நல்லது என்றுதான் சொன்னார்கள். ஊருக்கு நல்லது நடந்ததுதான். மீன்பிடிக்காரருக்கு என்ன நடந்தது என்று கேளுங்கோ.

வைட்டெமாட்டாவாசி:

ஜெலிக்கோத்தெரு சொன்னது முக்கியம். நன்றி.

பின்னணி தெரியாதவர்களுக்காக: இந்த ஊரில் துறைமுகத் தண்ணீரை நிரப்புவது, வார்ஃபை நீட்டுவது என்றாலே ஜனங்களுக்குக் கோபம் வரும், அதற்குக் காரணம் இருக்கிறது. 2015இல் துறைமுகக் கம்பெனி பிளெடிஸ்லோ வார்ஃபில் 98 மீட்டர், 92 மீட்டர் நீளத்தில் இரண்டு நீட்டிப்புகளைத் தண்ணீருக்குள் கட்டப் பார்த்தது. பொதுமக்களிடம் கேட்காமலேயே அனுமதி வாங்கியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கூடி எதிர்த்தார்கள், ‘எங்கள் துறைமுகத்தைத் திருடாதே’ என்று இயக்கமே நடந்தது, அர்பன் ஆக்லாந்து அமைப்பு கோர்ட்டுக்குப் போனது, உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது.

அது முடிந்து இரண்டே வருடத்தில் கோப்பை வந்தது. நகராட்சியின் முதல் திட்டங்களில் ஹால்சி வார்ஃபைப் பெரிதாக நீட்டி அணிகளை வரிசையாக உட்காரவைப்பதுதான் பிரதானம். 2015இல் போராடியவர்களே திரும்பக் கிளம்பினார்கள். அரசாங்கம் மாறியதும் அமைச்சர் டேவிட் பார்க்கர், எண்ணெய்த் தொட்டிகள் நின்ற வின்யார்ட் பாயிண்ட் நிலத்தைப் பயன்படுத்தினால் தண்ணீருக்குள் இவ்வளவு போக வேண்டியதில்லையே என்று மாற்று சொன்னார். மேயர் ஃபில் கோஃபோடு இழுபறி நடந்து, 2018இல் ஹாப்சன் வார்ஃபை நீட்டுவது, மற்ற அணிகளுக்கு வின்யார்ட் பாயிண்ட் என்று முடிவானது. அரசும் நகராட்சியும் சேர்ந்து 200 மில்லியன் டாலருக்கு மேல் போட்டன.

கடைசியில் வந்த எதிரணிகள் எத்தனை? மூன்று. லூனா ரோசா, இனியோஸ், அமெரிக்கன் மேஜிக். ஏழெட்டு வரும் என்று கணக்குப் போட்டு ஆரம்பித்த பேச்சு. ஜனங்கள் எதிர்க்காமல் இருந்திருந்தால், வராத அணிகளுக்காகவும் வார்ஃப் கட்டி முடித்திருப்போம்.

கார்பன்கை:

இந்த வரலாற்றின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்தத் தொட்டிகளில் இருந்தது ஆபத்தான ரசாயனமும் எரிபொருளும். நகரத்தின் மையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அது நின்றது. காலி செய்கிறோம், காலி செய்கிறோம் என்று வெகுகாலம் பேச்சு மட்டும்தான். கோப்பைக்குத் தேதி குறித்ததால்தான் அது வேகமாக நடந்தது. இப்போது அங்கே பூங்கா வரப்போகிறது, டெ ஆரா துக்குதுக்கு என்று பெயர் வைத்து வேலை நடக்கிறது. பந்தயத் தளம் வந்திருக்காவிட்டால் இன்னும் தொட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அது ஊருக்குக் கிடைத்த லாபம் இல்லையா?

துரத்தல் படகுகளைப் பற்றிச் சொன்ன ஃபெரிப்பயணிக்கு: டீம் நியூசிலாந்து 2022இலேயே ஹைட்ரஜனில் ஓடும் துரத்தல் படகு கட்டிக் காட்டியது. அதைக் கட்டியதும் இந்த ஊர் ஆட்கள்தான். இந்தத் துறைமுகத்தின் டீசல் ஃபெரிகளை விட அது சுத்தம்.

ஃபெரிப்பயணி:

டீசல் ஃபெரியில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போகிறார்கள். ஒப்பிடுவதாக இருந்தால் அதையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

தென்தீவுத்தமிழ்:

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்கா கோப்பை அனுபவம் இல்லை, செயில்ஜிபி என்கிற இன்னொரு பாய்மரப் படகுப் பந்தயத் தொடரின் அனுபவம் உண்டு.

2023லும் 2024லும் லிட்டல்டனில் நடந்தது. எங்கள் துறைமுகம் ஹெக்டர் டால்பின்கள் வசிக்கும் இடம், பேங்க்ஸ் தீபகற்பத்தைச் சுற்றி 1988லிருந்து கடல் பாலூட்டிகள் சரணாலயம் இருக்கிறது. ஹெக்டர் டால்பின் ஒன்றரை மீட்டர்கூட இருக்காது, முதுகுத் துடுப்பு வட்டமாக இருக்கும், நியூசிலாந்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. பந்தயப் பாதையில் டால்பின் தென்பட்டால் நிறுத்த வேண்டும் என்பது முன்பே எல்லோரும் ஒத்துக்கொண்ட நிபந்தனை. 2024 மார்ச்சில் முதல் நாள் சரியாக அதுதான் நடந்தது. டால்பின் வந்தது, பந்தயத்தை ரத்து செய்தார்கள். கூட்டம் ஏமாந்து போனது உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் செயில்ஜிபி தலைவர் ரஸ்ஸல் கௌட்ஸ் வெளியிட்ட அறிக்கை இயற்கைப் பாதுகாப்புத் துறையையும் உள்ளூர் மாவோரி மக்களையும் குற்றம் சொல்லும் தொனியில் இருந்தது. அதுதான் எங்களுக்கு வலித்தது. விருந்தாளியாக வந்து, வீட்டுக்காரர் சொன்ன நிபந்தனைக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டு, அது அமலானதும் கோபப்பட்டால் எப்படி?

அடுத்த வருடம் 2025 ஜனவரியில் பந்தயம் ஆக்லாந்துக்கு, அதே வின்யார்ட் பாயிண்டுக்கு வந்துவிட்டது. நிபந்தனைகளைத் தாளில் எழுதும்போதே, எவ்வளவு கூட்டம் வந்தாலும் அதை நிறைவேற்றுகிற அதிகாரம் யாரிடம் என்பதையும் எழுதிவிடுங்கள்.

பாலத்துக்குப்பக்கம்:

வின்யார்ட் பக்கம் உணவகத்தில் வேலை. தளம் இருப்பதால் வியாபாரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2021 பந்தய நாட்களில் கூட்டம் வந்தது. ஆனால் எல்லை மூடியிருந்ததால் வெளிநாட்டுக்காரர்கள் இல்லை. பிப்ரவரி கடைசியில் நகரம் திரும்பவும் லாக்டவுன், இறுதிப் போட்டியே மார்ச் 6இல் தொடங்க வேண்டியது 10ஆம் தேதிக்குப் போனது. வாங்கி வைத்த சரக்கை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம். அது யார் தப்பும் இல்லை. பின்னால் செய்த மதிப்பீட்டிலும், செலவுக்கு ஈடாக வருமானம் வரவில்லை என்றுதான் வந்தது.

சாதாரண நாட்களில் தளத்தால் எங்களுக்கு வரும் வியாபாரம் பெரிசாக ஒன்றும் இல்லை. அணி ஆட்கள் உள்ளேயே சாப்பிடுகிறார்கள், அவர்களுக்குத் தனிச் சமையல். எங்களை வாழவைப்பது வயடக்டிலிருந்து நடந்து வருகிற ஜனம். வயடக்டையும் எங்கள் பக்கத்தையும் இணைக்கும் தூக்குப் பாலம் 2024 மார்ச்சில் பழுதாகி டிசம்பர் வரை மூடிக் கிடந்தது. இலவசமாக ஒரு சின்னப் படகு விட்டார்கள், ஆனால் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அந்த வரிசையைப் பார்த்ததுமே திரும்பிப் போனார்கள். அக்கரையில் நின்று எங்கள் கடையைக் கையால் காட்டிப் பேசிவிட்டு அப்படியே போய்விடுவார்கள், இங்கிருந்தே தெரியும். எத்தனையோ மாலைகளில் மேசையைத் துடைத்து வைத்துக்கொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தயத்துக்கு 200 மில்லியன் கிடைத்த நகரத்தில் ஒரு நடைபாலம் சரியாக மாதக்கணக்கில் ஆனது. எங்கள் பக்கத்துக் கடைகளே மூடின. எனக்குத் தளத்தின் மேல் கோபமில்லை, எதற்குப் பணம் முதலில் போகிறது என்பதில்தான் கோபம்.

பார்சிலோனேத்தா:

நான் இரண்டு ஊரிலும் இருந்தவன். பார்சிலோனாவில் தளங்களைப் பழைய துறைமுகமான போர்ட் வெல்லில் வைத்தார்கள், டீம் நியூசிலாந்துக்கு மூடிக் கிடந்த ஐமேக்ஸ் திரையரங்கக் கட்டடம். தண்ணீரை நிரப்பாமல் இருந்த கட்டடத்தைக் கொடுத்தது நல்ல விஷயம். ஆனாலும் எதிர்ப்பு பலமாக இருந்தது. அங்கே கவலை தண்ணீர் இல்லை, வாடகை. பார்சிலோனேத்தா பழைய மீனவர் பேட்டை. சுற்றுலா வாடகையால் ஏற்கெனவே குடும்பங்கள் வெளியேறிக்கொண்டிருந்த இடம், அதன் மேல் இது. கடைசியில் 2024 அக்டோபரில் டீம் நியூசிலாந்து 7-2 என்று ஜெயித்ததும், நகர நிர்வாகம் அடுத்த முறை எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

நேபிள்ஸில் இப்போது பன்யோலியில் தளம் வரப்போகிறது. 1990களின் தொடக்கத்தில் மூடிய உருக்காலை இடம். ஆலைக்காகக் கடலை நிரப்பி உண்டாக்கிய நிலத்தை அகற்றிக் கடற்கரையைத் திருப்பிக் கொடுங்கள் என்று அந்த மக்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள். அந்த நிலத்திலேயே படகுத் தளம் என்றதும், இனி அகற்றவே மாட்டார்கள் என்ற பயம் வந்துவிட்டது. ஊர் மாறினாலும் கேள்வி ஒன்றுதான், தற்காலிகம் என்று வந்தது எப்போது போகும்?

வைட்டெமாட்டாவாசி:

இதுதான் என் மனதில் இருந்தது.

2021இல் அரசாங்கம் மறுபடி நடத்த 99 மில்லியன் டாலர் மதிப்பில் உதவி தருவதாகச் சொல்லியும் போதாது என்று அணி வெளிநாட்டைத் தேடிப் போனது. 2027க்கு அரசு பணம் தர மறுத்தது. ஆக, ஊருக்கும் அணிக்கும் இருந்த ஒப்பந்தத்தில் போட்டி என்ற பாதி போய்விட்டது, இடம் என்ற பாதி மட்டும் மீதி இருக்கிறது. அணி தொழில் ரீதியாக எங்கே வேண்டுமானாலும் போகலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் போட்டிக்காக ஊர் விட்டுக்கொடுத்த கடற்கரையும் அதே கணக்கில் திரும்ப வர வேண்டும்.

தண்ணீர் தரப்பில் யாரும் இன்னும் சொல்லாத ஒன்று: நாட்டி ஃபாட்டுவா ஒராக்கெய் உட்பட இந்த வைட்டெமாட்டாத் துறைமுகத்தோடு மரபு உறவுள்ள மாவோரி மக்களுக்கு இது ஒரு காலி நீர்ப்பரப்பு இல்லை. ஒவ்வொரு வார்ஃப் தூணும் அவர்களுக்கு ஒரு இழப்பு. 2018 பேச்சுகளில் அவர்களையும் அழைத்தார்கள். அடுத்த முறை திட்டம் வரைந்த பிறகு அழைக்காமல், வரையும்போதே அழைக்க வேண்டும்.

வைட்டெமாட்டா உள்ளூர் வாரியத்துக்குக் கடிதம் எழுதலாம் என்று நினைக்கிறேன். நான் கேட்கப்போவது: தளத்துக்கு எழுத்தில் ஒரு முடிவுத் தேதி, நீட்டிப்பு வேண்டுமென்றால் பொது விசாரணை, புதிதாக ஒரு மீட்டர்கூடத் தண்ணீருக்குள் கட்டக்கூடாது, வார்ஃபின் விளிம்பில், படகு தூக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் ஜனங்கள் நடக்க வழி.

கார்பன்கை:

கடைசி நிபந்தனையை முழுக்க ஆதரிக்கிறேன். படகு தூக்குவது காலையிலும் மாலையிலும்தான், நடுவில் கேட்டைத் திறந்து வைப்பதில் பாதுகாப்புச் சிக்கல் பெரிசாக இல்லை. ரகசியம் என்பார்கள். உளவு ஆட்கள் எப்படியும் லென்ஸ் வைத்துப் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், 2024 கோப்பைக்கு அதற்கு விதியே இருந்தது.

முடிவுத் தேதிக்கு ஒரு திருத்தம். தேதி போடுங்கள், ஆனால் அதற்கு முன்பே மாற்று இடம் பார்க்கும் பொறுப்பையும் நகராட்சி மேல் எழுதுங்கள். இல்லாவிட்டால் அணி வெளிநாட்டிலேயே தங்கிவிடும், எங்கள் பட்டறைகளில் தொழில் பழகும் பிள்ளைகள் பின்னாலேயே போவார்கள். பந்தயப் படகில் கற்ற கார்பன் வேலையைத்தான் நாங்கள் மற்ற படகுகளுக்கும் செய்கிறோம். வைட்டெமாட்டாவில் வேண்டாமென்றால் எங்கே வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஜெலிக்கோத்தெரு:

நியாயமான கேள்வி. அதே மாற்று இடப் பொறுப்பு மீன்பிடிப் படகுகளுக்கும் வேணும். கடிதத்தில் இதையும் போடுங்கோ: மீன் இறக்கும் துறையை இனி நகர்த்துவதாக இருந்தால், ஐஸ், எரிபொருள், லாரி திரும்ப இடம் மூன்றும் தயாரான பிறகுதான் நகர்த்த வேணும். இரண்டு படகு முதலாளிகளிடம் நேற்றே கதைத்தேன், கையெழுத்துப் போடுவார்கள்.

ஃபெரிப்பயணி:

பயிற்சி நேரத்தை ஃபெரிக் கம்பெனிக்கும் பயணிகளுக்கும் முதல் நாளே அறிவிக்க வேண்டும், காலையும் மாலையும் வேலை நேரத்தில் உள் துறைமுகத்தில் ஃபாயிலில் ஓடக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைட்டெமாட்டாவாசி:

எல்லாம் சேர்த்துக்கொள்கிறேன். கார்பன்கை, மாற்று இடத்துக்கு வேண்டிய ஆழம், கிரேன் எடை, தரை உறுதி இதெல்லாம் எனக்குத் தெரியாது, அந்தப் பத்தியை நீங்கள் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். வியாழக்கிழமை இரவுக்குள் வரைவை இங்கே போடுகிறேன், வெள்ளிக்கிழமை அனுப்பிவிடலாம்.

கார்பன்கை:

எழுதித் தருகிறேன். ஆழத்தைத் தாழ்ந்த ஓதம் கணக்கில்தான் போடுவேன், இங்கே ஏற்ற இறக்கம் சில நாட்களில் மூன்று மீட்டரையும் தாண்டும், அதை விட்டுவிட்டால் முதல் கூட்டத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.